கத்தியின் மீது குற்றமில்லையாம்!

"கருவி என்ன செய்யும்? கத்தி கனியையும் நறுக்கும், கழுத்தையும் அறுக்கும்; குற்றம் கையினுடையதேயன்றிக் கத்தியினுடையதன்று!" — விஞ்ஞானம் பற்றிய பேச்சு எழும் மேடைதோறும் இந்த வாதமும் எழுகிறது. எழுந்தவுடன் கையொலியும் கிடைக்கிறது. கேட்போர்க்கு இனிக்கும் வாதம். வணிகர்க்கோ அதனினும் இனிக்கும்! வடித்தவன் மீது பழியில்லை, விற்றவன் மீது பழியில்லை, ஆட்சி பீடத்தில் அமர்ந்தோர்க்கு வேலையுமில்லை; வாங்கியவன் ஒருவனே குற்றவாளி!

எதிர்ப்புறத்தில் நிற்பது மற்றொரு வாதம். "இயந்திரமே பேய், அது நுழைந்த வீட்டில் அறம் தங்காது" என்பது. முன்னதை முன்னேற்றம் என்றும், பின்னதைப் பிற்போக்கு என்றும் பெயரிட்டு ஒதுக்கிவிடுவது எளிது. எளிதானதெல்லாம் சரியானதன்று. ஆகவே இரண்டையும் உரைகல்லில் உரைத்துப் பார்க்க முனைகிறோம்.

பின்னதன் தலைசிறந்த ஏடு காந்தியாரின் 'இந்து சுயராஜ்யம்'. 1909-இல் இலண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் வழியில், கப்பலிலேயே, குஜராத்தியில் எழுதப்பட்ட நூல். வாசகன் வினவ, ஆசிரியர் விடையிறுக்கும் உரையாடல் வடிவம். இரயிலைக் கண்டு உலகம் வாய்பிளந்து நின்ற நாளில், அந்த இரயிலையே கூண்டிலேற்றி வழக்காடத் துணிந்தார் அவர். கொள்ளை நோயை ஊர் ஊராகக் கொண்டு சென்றது இரயில். விலை மிகுந்த இடம் நோக்கித் தானியத்தை ஓட்டிப் பஞ்சத்தைப் பெருக்கியது இரயில். தீயோர்க்குத் தீமை செய்ய விரைவு தந்தது இரயில். முன்பு உண்மை பக்தர் மட்டுமே அரிதில் அடைந்த புண்ணிய தலங்களைப் போக்கிரிகளும் எட்டச் செய்தது இரயில் — இவை அவர் சாட்டிய குற்றங்கள்.

நகைத்துத் தள்ளத்தக்க குற்றச்சாட்டுகள் அல்ல இவை. 1876 முதல் 1878 வரை நம் நாட்டைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சத்தை நினைத்துப் பாருங்கள்! மக்கள் எலும்பும் தோலுமாய்ச் சாலையோரம் சாய்ந்த நாளிலும், விலை தேடித் தானியம் வெளியேறிக்கொண்டிருந்தது. வண்டி மாடு இழுத்துத் தீராததை நீராவி இழுத்தது. வெறும் இரும்பு, வெறும் சக்கரம், நன்மை தீமை அறியாப் பொருள் என்று அதனைக் கைகழுவிவிட இயலுமா? இயலாது. கருவி ஒரு பக்கம் சாயும் என்று கண்டதில் நூலாசிரியரின் கண் கூர்மையானது.

அந்தச் சாய்வுக்குக் காரணம் காட்டிய இடத்தில்தான் நூல் சறுக்குகிறது. தானியத்தை வெளியே இழுத்த அதே தண்டவாளம், உள்ளே கொண்டுவரவும் வல்லது. கொண்டு வந்ததும் உண்டு. பஞ்சத்திலும் சந்தையின் போக்கில் சர்க்கார் தலையிடலாகாது என்று தீர்மானித்தது எஞ்சினா? அரியணையில் அமர்ந்திருந்தோர் அன்றோ! இரும்பைக் கூண்டிலேற்றிய நூல், அதிகாரத்தின் கொள்கையைக் கூண்டுக்கு வெளியே நிற்க விட்டுவிட்டது.

புண்ணிய தலத்தின் புனிதம் கெட்டதாம்! எவருடைய புனிதம்? கோயிற்படி ஏறவும், அக்கிரகாரத் தெருவில் நடக்கவும் உரிமையற்றுக் கிடந்தவன், காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, எவன் அருகிலும் அமரலாம் என்ற நிலையை முதன்முதல் கண்ட இடங்களுள் ஒன்று அந்த இரயில் பெட்டி! அவனுடைய இலாபம் இந்நூலின் கணக்கில் ஏறவேயில்லை. இயந்திரத்தைச் சாடும் நூலை இயந்திரத்தாலேயே அச்சிடலாமா என்ற வினாவுக்கு, சில வேளை நஞ்சே நஞ்சை முறிக்கும் என்ற கருத்தில் ஆசிரியர் விடையளிக்கிறார். அச்சுப்பொறிக்குக் காட்டிய அந்தச் சலுகையை இரயில் பெட்டிக்கும் காட்டியிருக்கலாமே!

இனி மறுகரை. இரயில் பெருக்கும் புதுத்தொழில், சாதியின் அடித்தளமான பரம்பரைத் தொழிற்பிரிவினையைக் கரைத்துவிடும் என்று 1853-இலேயே எழுதினார் மார்க்ஸ். 1856-இல் இராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதல் இரயில் புறப்பட்டது. சாதி கரைந்ததா? பெட்டியில் ஒன்றாக அமர்ந்து வந்தவர்கள், நிலையத்தில் இறங்கி உணவு விடுதிக்குள் நுழைந்ததும், பார்ப்பனர்க்கு ஓரிடம் மற்றவர்க்கு வேறிடம் என்று பிரிக்கப்பட்டனர்! அந்தப் பிரிவினை 1941-இல் ஒழிந்தது; அதுவும் எஞ்சின் ஊதியதால் ஒழியவில்லை, மனிதர் கிளர்ந்ததால் ஒழிந்தது. பெட்டி ஒரு கதவைத் திறந்தது; அதற்குள் நுழைந்து சென்றது இயக்கம். இரண்டில் ஒன்று இல்லையேல் மற்றது பாதி வழியிலே நின்றிருக்கும்.

இதனை மனத்திற்கொண்டு, நம் காலத்துக் கருவி ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒலியலையைக் கருப்பையுள் செலுத்திச் சிசுவைத் திரையில் காட்டும் ஸ்கேன் கருவி. உலோகத்தில் உள்ள வெடிப்பைக் காணப் பயன்பட்ட முறையை மருத்துவத்திற்குத் திருப்பி, கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டும் அவர்தம் குழுவினரும் 1958-இல் முடிவுகளை வெளியிட்டனர். கத்தியின்றி, குருதியின்றி, தாயின் வயிற்றுள் நேரும் இடரை அறிந்து இரு உயிரையும் காக்கும் அரிய கருவி. அதை ஆக்கியவர் எவரையும் அழிக்க எண்ணியவரல்லர்.

அது இந்நாட்டில் பரவியபோது நேர்ந்தது என்ன? மக்கள்தொகைக் கணக்கைப் புரட்டுவோம். ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 1961-இல் 976, 1991-இல் 945, 2001-இல் 927. அந்த 2001-இல் பஞ்சாபின் எண் 798! வயலும் வளமும், மருத்துவமனையும் மிகுந்த மாநிலம்! இன்று சில நூறு செலவிட்டால் நாளை வரதட்சணையில் பல்லாயிரம் மிச்சம் என்று பொருள்பட வடநாட்டு நகரங்களில் விளம்பரப் பலகைகளும் முளைத்திருந்தன.

கத்தி வாதக்காரர் உடனே குறுக்கிடுவார்: "ஸ்கேன் வருமுன்பே உசிலம்பட்டியில் கள்ளிப்பால் இருந்ததே? சேலத்தில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க நேர்ந்ததே? வெறுப்பு பழையது; கருவி வேலைக்காரன் மட்டுமே!"

வெறுப்பு பழையதுதான், மறுக்கவில்லை. ஆனால் கள்ளிப்பால் புகட்டும் கை நடுங்கும். அழுகுரல் அண்டை வீட்டுக்குக் கேட்கும். காவலர் கதவைத் தட்டவும் கூடும். ஸ்கேன் அறையிலோ நடுக்கமில்லை, அழுகுரலில்லை. வெள்ளை அங்கியும் இரசீதும் உண்டு! குழந்தையைக் கொல்ல ஒருநாளும் துணியாத படித்த குடும்பம், "பரிசோதனை" என்ற பெயரில் அதே முடிவை அடைய வழி திறந்தது. அதுமட்டுமா? பத்து மாதமும் எவரும் கேட்டு விடை பெற முடியாதிருந்த கேள்வி ஒன்றை, கேட்டே ஆகவேண்டிய கேள்வியாக்கியது அக்கருவி. "பார்த்துவிடலாமே" என்று மாமியார் சொல்லத் தொடங்கிய நாள்முதல், பார்க்காதிருப்பதும் ஒரு பெண் துணிந்து எடுக்கவேண்டிய முடிவாயிற்று. கையை மாற்றாமலே கை செய்யும் செயலை மாற்றிவிட்ட கருவியை நடுநிலைக் கருவி என்று எந்த நாவால் சொல்வது?

தன் கருவைச் சுமப்பதா வேண்டாவா என்று முடிவு செய்யும் பெண்ணின் உரிமையை நாம் ஐயுறவில்லை. இங்கே நாம் கேட்பது வேறு. அவள் உரிமை என்ற பெயரில், அவளைப் போன்றவள் பிறக்கவே கூடாது என்று குடும்பம் தீர்ப்பெழுதலாமா?

சட்டம் இயற்றியோரே கத்தி வாதத்தை ஏற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 1994-இல் இயற்றி, 1996-இல் நடைமுறைக்கு வந்து, 2003-இல் மேலும் இறுக்கப்பட்ட சட்டம், "குற்றம் செய்யாதே" என்று கையை மட்டும் எச்சரித்து நிற்கவில்லை. கருவியையே பதிவு செய்யச் சொன்னது; பதிவில்லா நிலையத்துக்கு அதை விற்கலாகாது என்றது; சொல்லாலோ சைகையாலோ பாலினத்தைத் தெரிவிக்கலாகாது என்று மருத்துவர் வாயையும் கட்டியது. காய்கறிக் கத்திக்கு எவரேனும் பதிவேடு கேட்டதுண்டா?

எனினும் சட்டம் மட்டும் போதாது என்பதற்குத் தென்கொரியா பாடம். அங்கும் ஸ்கேன் வந்தது. அங்கும் ஆண் வாரிசு மோகம் ஆட்டிப்படைத்தது. 1987-இல் பாலினம் தெரிவிப்பதைத் தடை செய்தனர். ஆயினும் 1990-இல் 100 பெண் பிறப்புக்கு ஆண் பிறப்பு 116-ஐத் தாண்டியது. அதன்பின் மகளுக்கும் சொத்தில் சம பங்கு வந்தது; பெண்கள் கல்வியும் வேலையும் பெற்றனர்; ஆணையே குடும்பத் தலைவனாக்கிய முறை 2005-இல் நீக்கத் தீர்மானிக்கப்பட்டு 2008-இல் மறைந்தது. பிறப்பு விகிதம் இயல்புக்குத் திரும்பியது. எஞ்சிய தடையையும் தேவையில்லை என்று 2024-இல் அந்நாட்டு அரசியல் சட்ட நீதிமன்றம் நீக்கிவிட்டது! கருவி அதேதான், அது சாய்ந்த தரை சமன் செய்யப்பட்டுவிட்டது.

பெரியாரின் 'இனிவரும் உலகம்' நம் இளைஞர்க்கு மனப்பாடம். ஆண் பெண் சேர்க்கையின்றியும் பிள்ளை பிறக்கும் காலம் வரும் என்று 1940-களில் அவர் சொன்னபோது சிரித்தவர் பலர்; 1978-இல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்தே விட்டது. ஆருடம் பலித்ததென்று கைதட்டி அமர்ந்துவிடுவோர்க்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. அந்த ஏடு கண்ட உலகில் கருவி மட்டும் புதிதன்று. உடைமையும் உறவும் புதியன. கருவியை வரவேற்று, உறவுகளைப் பழையபடியே விட்டுவைத்தால் வருவது இனிவரும் உலகம் அன்று. பழைய உலகம், மின்சார விளக்குடன்!

ஆகவே தோழர்களே, புதிய பொறி எது வந்தாலும் அஞ்சி ஓடவும் வேண்டா, ஆரத்தி எடுக்கவும் வேண்டா. எச்செயலை எளிதாக்குகிறது, எச்செயலை அரிதாக்குகிறது, அந்த எளிமையால் பயன் பெறுவோர் யார், விலை கொடுப்போர் யார் என்று கேளுங்கள். ஸ்கேன் அறை வாயிலில் கேளுங்கள். அதைவிட முக்கியமாக, வரதட்சணைப் பந்தலில் கேளுங்கள். "கத்தி என்ன செய்யும்?" என்று எவரேனும் விடையிறுத்தால், கத்திக்காக வாதாடும் அவர் கையில் இருப்பது என்னவென்று உற்றுப் பாருங்கள்!