வாரம் ஒரு பென்னி

மெதடிஸ்ட் திருச்சபை வளர்த்த நல்ல பழக்கங்களுள் சிறந்தது சிறு குழு. 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், ஜெபவீட்டுக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி திரட்ட முடிவானது. ஏறத்தாழ 12 பேர் கொண்ட குழுவுக்கு ஒருவர் பொறுப்பு. காசு வாங்க வீடு தேடிப் போனவர் அங்குள்ள நோயையும் சண்டையையும் சோர்வையும் கண்டார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லிக்கு அதன் அருமை உடனே புரிந்தது. வசூலிப்பவரே ஆன்மிக வழிகாட்டியானார். கடன் வாசலில் பிறந்த ஏற்பாடு இவ்வளவு கனிவானதாக வளர்ந்தது வியப்புக்குரியது.

அந்த மரபு, பெங்களூரில் பிறந்த மிஷனரி வில்லியம் ஓல்டம் வழியே 1885இல் சிங்கப்பூர் வந்தது. 1887இல் ஆஸ்திரேலியப் பெண் சோஃபியா பிளாக்மோர், ஷார்ட் ஸ்ட்ரீட் கடைவீடு ஒன்றில் 9 இந்தியச் சிறுமியருடன் பள்ளி தொடங்கினார். இன்றைய மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியின் தொடக்கம் அது. பெண்பிள்ளைகளை வெளியே அனுப்பத் தயங்கிய பெரனாக்கான் சீனர் வீடுகளின் கதவுகளையும் அவர் தட்டினார். லிட்டில் இந்தியாவை ஒட்டிய அதே தெருவில் தமிழ் மெதடிஸ்ட் ஆலயம் நிற்கிறது.

இன்றும் இத்தகைய சிறு குழுவை நடத்துபவருக்குப் பெரிய படிப்பு தேவையில்லை. வராதவரைக் கவனிக்க வேண்டும், பெயர் சொல்லி ஜெபிக்க வேண்டும், கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. இதில் கடைசி நிபந்தனையே கடினம். பதில் தெரியாதபோது கர்த்தரை நம்பிக் கூடவே காத்திருப்பதும் அவர் வேலை. வேலைக்காகத் தனியே இந்நகருக்கு வரும் விசுவாசி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிளம்பிவிடாமல், இப்படி ஒரு குழுவைக் கேட்டுச் சேர்வது நல்லது.