அடிப்பக்கத்து அழகு

மூளை என்றதும் எல்லோருக்கும் மேலே தெரியும் மடிப்புகள்தான் நினைவுக்கு வரும். திருப்பி வைத்துப் பார்த்தால்தான் அழகு. சிதம்பரம் அண்ணாமலை நகரில், இப்போது கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக இருக்கும் ராஜா முத்தையா கல்லூரி போன்ற இடங்களில் மாணவர்கள் அந்த அடிப்பக்கத்தைக் கற்கிறார்கள். ஃபார்மலின் நெடி கண்ணைக் கரிக்கும். ஈரத்தில் மினுங்கும் சிலந்திச் சவ்வை மெல்லிய இடுக்கியால் இழை இழையாக உரிக்க வேண்டும். கை சற்று அவசரப்பட்டால் நூல் கனத் தமனி அறுந்துபோகும். சத்தமே இல்லாத வேலை.

உரித்து முடித்தால் தெரிவது வில்லிஸ் வளையம்: கழுத்தின் முன்பக்கமிருந்து ஏறும் இரண்டு தமனிகளும், முதுகெலும்பின் துளைகள் வழியே வரும் இரண்டும் கைகோக்கும் இடம். பாடநூல் படத்தின் சீரான வளையம் பலருக்குக் கிடையாது. ஒருவருக்குப் பின்னிணைப்புத் தமனி மயிரிழை. இன்னொருவருக்கு அதுவே தடித்து, கருவில் இருந்தபடியே மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும். முன்னிணைப்பு சிலருக்கு இரட்டை. பிச்சாவரத்துக் கால்வாய்கள் மாதிரி, இடத்துக்கு இடம் அகலமும் வளைவும் வேறு. எனக்கு இந்தக் கோணல்கள்தான் பிடிக்கும். இத்தனையோடும் அவர்கள் கணக்குப் பார்த்து, சண்டை போட்டு, முதுமைவரை வாழ்ந்திருப்பார்கள். கழுத்துத் தமனி ஒன்று அடைபடும் நாளில்தான், மறுபக்கத்து ரத்தம் சுற்றி வர வழி இருக்கிறதா என்று மருத்துவர் ஸ்கேனில் தேடுவார்.