படவுருவும் இடுகுறியும்

திருவல்லிக்கேணி என்பது காரணம் பற்றி எழுந்த பெயர். அல்லி மலர்ந்த கேணியை உடைமையால் அல்லிக்கேணி எனவும், பார்த்தசாரதிப் பெருமான் கோயில் கொண்ட சிறப்பால் 'திரு' என்னும் அடை பெற்றுத் திருவல்லிக்கேணி எனவும் அவ்வூர் வழங்கலாயிற்று. இன்று அப்பெயரைச் சொல்வார் அல்லியை நினைந்து சொல்வதில்லை. பேருந்து நடத்துநர் கூவும்போதும், அஞ்சலுறையில் முகவரி எழுதும்போதும் அஃது ஓர் ஊரைச் சுட்டும் குறியாக மட்டுமே நிற்கின்றது. ஆங்கிலேயர் நாவில் 'டிரிப்ளிக்கேன்' எனத் திரிந்தபின் அல்லியும் மறைந்தது, கேணியும் மறைந்தது. குறி ஒன்றே எஞ்சிற்று.

காரணப்பெயர் நாளடைவில் இடுகுறிபோல் ஆகும் இவ்வியல்பு சொல்லுக்கே உரியது என்று பலரும் கருதுவர். கணினித் திரையில் நாள்தோறும் நாம் காணும் சிறு படங்களுக்கும் இஃது உரியது என்பதும், அப்படங்களை நம் விருப்பப்படி மாற்றியமைத்தல் பெயரிடுதலின் பாற்படும் என்பதும், ஆதலின் அதனை ஆராயும் கடமை தமிழ் கற்றார்க்கும் உண்டு என்பதும் இக்கட்டுரையிற் கூறப்படும்.

கணினியில் ஒரு செயலியையோ, கோப்பையோ, குறுக்குவழியையோ சுட்டி நிற்கும் சிறுபடத்தை ஆங்கிலத்தில் 'ஐகான்' என்பர். தமிழில் படவுரு, சின்னம் எனப் பலவாறு வழங்குவர். டேவிட் கேன்பீல்டு ஸ்மித் என்பார் 1975இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேட்டால் இச்சொல் கணினித்துறையிற் புகுந்தது. 1981இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் என்னும் கணினி, திரையை ஓர் எழுதுமேசையாகக் கொண்டு அதன்மேல் தாள், உறை, கூடை ஆகியவற்றின் படங்களைப் பரப்பிக் காட்டிற்று. 1984இல் வந்த மெக்கின்டாஷ் கணினிக்குச் சூசன் கேர் என்னும் அம்மையார் அகலத்தில் 32, உயரத்தில் 32 ஆக 1,024 கட்டங்களுள் கறுப்பும் வெள்ளையும் நிரப்பிப் படவுருக்களை வரைந்தளித்தார்.

'ஐகான்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு உருவம், ஒப்புமை என்பன பொருள். அமெரிக்க மெய்யியலாராகிய சார்லஸ் சாண்டர்ஸ் பியர்ஸ், குறிகளை ஒப்புமை பற்றியன, தொடர்பு பற்றியன, வழக்குப் பற்றியன என மூன்றாகப் பகுத்து, ஒப்புமை பற்றியவற்றிற்கே இப்பெயரை உரித்தாக்கினார். கணினியார் இதனை எல்லாப் படத்திற்கும் பொதுவாக வழங்கியதனால் ஒரு மயக்கம் விளைந்தது. படம் என்றால் பொருளை ஒத்திருக்கும். ஒத்திருப்பதனால் மொழி வேண்டாமலே யார்க்கும் விளங்கும் என்பதே அம்மயக்கம். இக்கூற்று பொருந்துமா என்பதை முதற்கண் ஆராய்வோம்.

சேமித்தல் என்னும் தொழிலைக் குறிக்க மூன்றரை அங்குல நெகிழ்வட்டின் படத்தை அமைத்தனர். எழுதியதனை அவ்வட்டிலேயே சேமித்துவந்த காலத்தில் அது காரணம் உடைய குறி. சோனி நிறுவனம் சப்பானில் அவ்வட்டின் விற்பனையை 2011இல் நிறுத்திற்று. இன்று முதுகலை பயிலும் மாணவருட் பலர் அதனைக் கையில் எடுத்தறியார். ஆயினும் அப்படத்தை அழுத்தினால் கட்டுரை சேமிக்கப்படும் என்பதில் அவர்க்கு ஐயம் இல்லை. அல்லி போயிற்று, பெயர் நின்றது.

நம் நாட்டிலேயே இதனினும் தெளிவான சான்று ஒன்றுண்டு. 1951–52இல் நிகழ்ந்த முதற் பொதுத்தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவர்க்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் அவரவர்க்குரிய சின்னத்தை ஒட்டினர். எழுத்தறியாதாரும் வாக்களித்தற்கு அம்முறை பெரிதும் துணைசெய்தது. ஆனால், இரட்டைக்காளை காங்கிரசைக் குறித்தது காளைக்கும் கட்சிக்கும் ஒப்புமை இருந்தமையால் அன்று. ஊர்தோறும் சொல்லிச் சொல்லிப் பழக்கியமையால் ஆகும். படம் எழுத்துக்கு மாற்றாக நின்றதே யன்றி மொழிக்கு மாற்றாக நிற்கவில்லை. பின்னர் வந்த 1968ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணை, ஏற்புப்பெற்ற கட்சிகட்கு உரிய சின்னங்களையும், ஏனையோர் வேண்டிப் பெறும் பொதுச் சின்னங்களையும் வேறு பிரித்தது. ஒதுக்கித் தரப்படுவது எதுவோ அதுவே இடுகுறி. ஆகவே, படம் மொழி கடந்தது என்னும் கூற்று வலியுடைத்தன்று.

இனி, இலக்கண நெறியில் இதனை நோக்குவாம். நன்னூலார் பெயரை இடுகுறி என்றும் காரணம் என்றும் பகுத்து, ஒவ்வொன்றையும் பொது, சிறப்பு என இருவகைப்படுத்தினார். மரம் என்பது இடுகுறிப் பொது. பனை என்பது இடுகுறிச் சிறப்பு. பறவை காரணப் பொது. மரங்கொத்தி காரணச் சிறப்பு. காரணம் கருதியவழிக் காரணப்பெயராயும், கருதாதவழி இடுகுறியாயும் நிற்கும் காரண இடுகுறி என்னும் ஒருவகையும் கொள்ளப்படும். மேற்கூறிய நெகிழ்வட்டுப் படம் இவ்வகையின்பாற் படும்.

இப்பாகுபாடு படவுருவை மாற்றியமைக்கும் முறைகளுக்கும் விளக்கம் தருகின்றது. விண்டோஸ் இயங்குதளத்தில் கோப்பின் பெயரீற்றை நோக்கியே படவுரு அமைகின்றது. ஓர் ஆய்வு மாணவர் மூன்று சிறுநிரல்களை எழுதி வைத்திருக்கின்றார் என்று கொள்வோம். ஒன்று நூலிற் பயின்ற சொற்களை எண்ணுவது. ஒன்று சொல்லடைவு தொகுப்பது. ஒன்று பழைய குறியேற்றத்தில் அமைந்த கோப்பை ஒருங்குறிக்கு மாற்றுவது. மூன்றும் ஒரே பெயரீறு உடையன ஆதலின் மூன்றற்கும் ஒரே படமே தோன்றும். அது பொதுப்பெயர், 'மரம்' என்பது போன்றது. பனையைப் பனை என்று சுட்டவேண்டுமாயின், சிறுநிரலுக்குக் குறுக்குவழி ஒன்று அமைத்து, அக்குறுக்குவழியின் பண்புகளைத் திறந்து, வேறு படவுருவைத் தேர்ந்தமைத்தல் வேண்டும். அப்போதும் மாறுவது குறுக்குவழியின் முகமே. சிறுநிரல் தன் பொதுப்பெயரோடேயே உள்ளே கிடக்கும்.

மெக்கின்டாஷில் கோப்பின் தகவற் பலகையைத் திறந்து, அதன் மூலையிலுள்ள சிறுபடத்தின்மேல் வேறொரு படத்தை ஒட்டினால் போதும். லினக்ஸ் வகையினவற்றில் செயலியைத் தொடங்கும் முகப்புக்கோப்பு எளியதோர் உரைக்கோப்பாகும். பெயர் ஒரு வரியிலும், இயக்குதற்குரிய கட்டளை ஒரு வரியிலும், படவுரு ஒரு வரியிலும் அதில் எழுதப்பெறும். பெயரும் குறியும் அடுத்தடுத்த வரிகளில் நிற்கும் இவ்வமைப்பே, குறியிடுதலும் பெயரிடுதலும் ஓரினம் என்பதற்குப் போதிய சான்று.

சிறப்புக்குறியை எவ்வாறு தேர்தல் வேண்டும் என்பது அடுத்த வினா. தொல்காப்பியர் உவமம் தோன்றும் வகையாக வினை, பயன், மெய், உரு என்னும் நான்கினைக் கூறினார். மெய் என்பது வடிவம் எனவும் உரு என்பது நிறம் எனவும் உரையாசிரியர் விளக்குவர். படவுருக்களையும் இந்நான்கனுள் அடக்கலாம். வெட்டுதலுக்குக் கத்தரிக்கோல் வினை பற்றியது. தேடுதலுக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி பயன் பற்றியது. தாளுக்குத் தாளின் படம் மெய் பற்றியது. எச்சரிக்கைக்குச் செம்மை உரு பற்றியது. இவற்றுள் நிறம் ஒன்றனையே பற்றிய குறி, நிறம் பிரித்தறிய இயலாதார்க்குப் பயன்படாது.

சிறுநிரலுக்கோ மெய்யும் இல்லை, உருவும் இல்லை. அது முற்றும் வினையே. ஆதலின் அதற்கு இடும் குறி வினையையோ பயனையோ பற்றி எழுதல் வேண்டும். பல தளங்களில் சிறுநிரலுக்குப் பற்சக்கரத்தைக் காட்டுவர். ஏதோ ஒன்று இயங்கும் என்பதன்றி எது இயங்கும் என்பது அதனால் விளங்காமையின், அது பொதுக்குறியாகவே அமைகின்றது.

உவமத்திற்கும் படவுருவிற்கும் ஒரு வேற்றுமையும் உண்டு. உவமத்தில் பொருளும் உவமையும் உடன் நிற்கும். படவுருவில் உவமை மட்டும் வெளிப்பட்டுப் பொருள் மறைந்து கிடக்கும். அவ்வளவில் அஃது உள்ளுறை உவமத்தை ஒக்கும். உள்ளுறை, மரபு அறிந்தார்க்கே புலனாகும். படவுருவும் அத்தகையதே என்பதனாலன்றோ, அதன் கீழே பெயரையும் எழுதி வைத்தனர்!

அளவும் கருதத்தக்கது. ஒரே படவுரு 256 கட்டப் பக்க அளவிலும் 16 கட்டப் பக்க அளவிலும் தோன்றவேண்டியிருத்தலின், பெரிதில் அழகாய் இருப்பது சிறிதில் வெறும் கறையாகலாம். தமிழெழுத்தையே குறியாகக் கொள்வார் இதனை மறத்தலாகாது. பகரமும் டகரமும் நேர்கோடுகளால் ஆயின ஆதலின் 16 கட்டத்துள்ளும் தெளிவாக நிற்கும். ஞகரமும் ணகரமும் சுழிகள் ஒன்றோடொன்று கூடி மயங்கும்.

இனி, இப்பொருளில் தமிழர்க்குரிய பங்கு யாது என்பதைக் காண்போம். லினக்ஸ் முகப்புக்கோப்பின் விதிமுறை, பெயர் வரியை மொழிதோறும் வேறாக எழுத இடந்தருகின்றது. படவுரு வரியையும் அவ்வாறே மொழிதோறும் வேறாக எழுத இடந்தருகின்றது. படமும் மொழிக்குட்பட்டதே என்பதை அவ்விதிமுறை வகுத்தார் உணர்ந்திருந்தனர் என்க. நம் மொழிபெயர்ப்பாளரோ பெயர் வரியைத் தமிழாக்கி, படவுரு வரியைப் பெரும்பாலும் தொடாது விடுகின்றனர். சொற்செயலியில் தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து, அடிக்கோடு ஆகியவற்றிற்கு ஆங்கிலத்தார் தம் சொற்களின் முதலெழுத்தைக் குறியாக்கினர். செருமானியர்க்குரிய பதிப்பில் அவர்தம் சொற்களின் முதலெழுத்துகளே குறிகளாக மாறி நிற்கின்றன. தமிழில் பட்டியலெல்லாம் தமிழாகியும் ஆங்கில எழுத்தே குறியாகத் தொடர்தலைக் காண்கின்றோம். செருமானியர்க்குக் காரணக்குறியாக விளங்குவது நம் மாணவர்க்கு இடுகுறியாக எஞ்சுகின்றது. இஃது ஒரு குறையே.

இக்குறையை நீக்கப் புகுவார் சிலர், செயலிக்கெல்லாம் கோபுரத்தையும் யாழையும் வரைந்து தமிழ்மணம் ஊட்ட முயல்வர். அம்முயற்சி போற்றத்தக்கதன்று. கோபுரம் சேமித்தலின் வினையையும் காட்டாது, தேடுதலின் பயனையும் காட்டாது. அஃது அணியே யன்றிக் குறியன்று. நம் மரபிலேயே தொழிலுக்கென்று பிறந்த குறிகள் உள. நாள், மாதம், ஆண்டு, பற்று, வரவு, மேற்படி, ரூபாய், எண் என்னும் எட்டற்கும் உரிய பழந்தமிழ்க் குறிகள் 2003இல் ஒருங்குறியில் இடம்பெற்றன. திருமண அழைப்பிதழில் ௵, ௴ என்னும் குறிகளை இன்றும் காண்கின்றோம். கணக்குச் செயலிக்குப் பற்றுக்குறியும் வரவுக்குறியும், நாட்குறிப்புக்கு ௳ என்னும் நாட்குறியும், முன்செய்ததை மீண்டும் செய்யும் சிறுநிரலுக்கு ௸ என்னும் மேற்படிக்குறியும் எத்துணைப் பொருத்தமாக அமையும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவை இன்று பலர்க்கு விளங்கா எனின், நெகிழ்வட்டும் விளங்காததே. பழக்கமே அதனை நிலைநிறுத்திற்று என்பது விடையாகும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தனியொருவர் தமக்கென இட்ட குறி அவரோடு மறையும் இயல்பினது. சில தளங்களில் கோப்பிற்கு நாம் இட்ட படவுரு அக்கோப்பினுள் பதியாமல் அக்கணினியின் தனிக்குறிப்பில் மட்டும் பதியும். கோப்பை வேறிடத்திற்குக் கொண்டுசென்றால் குறி உடன்செல்லாது. குறுக்குவழி சுட்டும் படக்கோப்பை இடம் பெயர்த்தாலும் குறி அழியும். ஓர் ஆய்வாளரின் கணினி அடுத்த மாணவர் கைக்கு வரும்போது, எந்தக் குறி எந்தச் சொல்லடைவைத் திறக்கும் என்பதை உரைப்பார் இல்லாது போகலாம். ஒரே கட்டில் பல நூல்கள் கலந்தும், முதலேடு இழந்தும் கிடந்த சுவடிகளோடு பதிப்பாசிரியர்கள் பட்ட பாட்டினை நாம் அறிவோம். அப்பாட்டினை வருங்காலத்தார்க்கு நாமே ஆக்கிவைத்தல் முறையன்று.

இதற்கு வழிகாட்டுதலும் திருவல்லிக்கேணியிலேயே கிடைக்கின்றது. 1903இல் மாநிலக் கல்லூரிக்கு வந்தபின் அவ்வூர்ப் பிள்ளையார் கோயில் தெருவில் வாழ்ந்த உ. வே. சாமிநாதையர், தம் பதிப்புகளில் மேற்கோள் நூல்களைச் சுருக்கக் குறிகளாற் சுட்டியதோடு அமையாது, அக்குறிகளின் விளக்கத்தையும் தனியே அச்சிட்டுத் தந்தார். குறி அவர் இட்டது. விளக்கம் உடனிருத்தலின் அது கற்பார் அனைவர்க்கும் உரியதாயிற்று. படவுருவை மாற்றியமைப்பாரும் இந்நெறியைக் கைக்கொள்ளலாம். படக்கோப்புகளை ஆய்வுக்கோப்புகளோடு ஒரே உறையில் வைத்தலும், எக்குறி எதனைச் சுட்டும் என்பதை ஓர் உரைக்கோப்பில் எழுதிவைத்தலும் அரிய செயல்கள் அல்ல.

காரணம் மறைந்தபின்னும் பெயர் நிற்பதற்கு அதனை வழங்கும் மக்கள் வேண்டும். அல்லிக்கேணிக்கு அத்தகைய மக்கள் வாய்த்தனர். நாம் திரையில் இடும் குறிகட்கும் அவர் வாய்க்கவேண்டுமாயின், முதற்கண் அவற்றைப் பெயராக மதித்து, வினையும் பயனும் நோக்கித் தேர்ந்து, விளக்கத்தோடு வழங்குதல் வேண்டும். தமிழாக்கக் குழுவினர் பெயர் வரியோடு குறி வரியையும் தம் பணியாகக் கொள்வாராயின், இலக்கணம் கற்றார் அவர்க்குத் துணைநிற்றல் கடனாகும்.