வரைபும் உரையும்

கண்ணாற் கண்டதை உரைத்தல் எளிதென்பர். ஆயின் கண்டவற்றுள் எதனைக் கூறுவது, எதனை விடுப்பது எனத் தெரிந்து உரைத்தல் அரிது. இவ்வருஞ்செயலே இன்று ஓர் ஆங்கிலப் பரீட்சையின் வினாவாக அமைந்துள்ளது. ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்னும் பெயரால் 1989ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் அப்பரீட்சையில், உயர்கல்வியை நாடுவோர்க்குரிய எழுத்துத் தாளின் முதல் வினா, பெரும்பாலும் ஒரு வரைபையோ அட்டவணையையோ தந்து அதனை விவரிக்குமாறு கேட்கின்றது. விடை 150 சொற்களுக்குக் குறையாது அமைதல் வேண்டும். அதற்கு ஒதுக்கத்தக்க நேரம் 20 நிமிடம். பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களை நோக்கிச் செல்லும் மாணவர் பலர் இவ்வாயிலைக் கடந்தே செல்ல வேண்டியவராவர்.

வினாவின் பணிப்புச் சுருக்கமானது. முதன்மையான கூறுகளைத் தெரிந்து தொகுத்துரைத்தலும், பொருந்துமிடத்து ஒப்பிடுதலுமே அது வேண்டுவன. காரணம் கூறுமாறோ, கருத்துரைக்குமாறோ அது கேட்பதில்லை. விடையை அளக்கும் அளவுகோல்கள் நான்கு: வினாவை நிறைவுசெய்தல், ஒழுங்கும் இயைபும், சொல்வளம், இலக்கணம். எண்களை இயந்திரம்போல் அடுக்கி, முழுமையான நோக்கினைக் கூறாது விடும் விடை, முதலாவது அளவுகோலின்படி, ஒன்பது நிலைகளுள் ஐந்தாவதற்கு மேற் செல்லுதல் அரிது. ஆதலின் ஈண்டுச் சோதிக்கப்படுவது சொல்வளம் மாத்திரமன்று. தெரிவும் அடக்கமும் சோதிக்கப்படுகின்றன.

இங்ஙனமாகவும், பயிற்சி நூல்களும் வகுப்புக்களும் பெரும்பாலும் ஊட்டுவன யாவை? படிப்படியாக உயர்ந்தது, திடீரென வீழ்ந்தது, உச்சத்தை எட்டியது எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடர்களின் பட்டியலே. மாணவன் வரைபைக் காணுமுன்னரே விடையைக் கையில் வைத்திருக்கின்றான். விளைவு யாதெனின், காலமே இல்லாதவிடத்தும் அவன் ஏற்றமும் இறக்கமும் காண்கின்றான். ஐந்து நாடுகளின் ஒரே ஆண்டுக் கணக்கைச் சலாகைகள் காட்டும்போது, முதல் நாட்டிலிருந்து இரண்டாம் நாட்டுக்குத் தொகை “வீழ்ந்தது” என எழுதுவோர் உளர். இது மொழிப்பிழையன்று, பார்வைப்பிழை.

சலாகை வரைபின் வரலாறே இதனைத் தெளிவிக்கும். வில்லியம் பிளேஃபெயார் 1786ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இங்கிலாந்தின் வணிகத்தைக் காலந்தோறும் ஓடும் கோடுகளாற் காட்டினார். ஸ்கொத்லாந்துக்கோ ஓராண்டுக் கணக்கே அவருக்குக் கிட்டிற்று. காலத்தொடர் இன்மையாற் கோடு வரைய இயலாது, அந்நாட்டின் ஏற்றுமதி இறக்குமதியை வணிக நாடுகள்வாரியாகச் சலாகைகளாக அமைத்தார். கோடு ஓட்டத்தைக் கூறுவது. அவர் வரைந்த சலாகையோ ஒப்புமையைக் கூறுவது. வரைபு எதனைக் கூற வந்ததென்று அறியாதான் அதனை விவரித்தல் யாங்ஙனம்?

காலத்தைக் காட்டும் சலாகைகளும் கருத்தூன்றிப் பாராதாரை ஏமாற்றும். இலங்கையின் குடித்தொகையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மதிப்பீட்டின்படி அது 1946இல் ஏறத்தாழ 66.6 இலட்சம், 1953இல் 81 இலட்சம், 1963இல் 105.8 இலட்சம், 1971இல் 126.9 இலட்சம், 1981இல் 148.5 இலட்சம், 2012இல் 203.6 இலட்சம். இவ்வாறெண்களையும் சம இடைவெளியிட்டு ஆறு சலாகைகளாக வரைந்தால், கடைசிப் படியே மிக உயர்ந்து தோன்றும். பட்டியலை மனனஞ் செய்தவன், “1981இன் பின்னர்க் குடித்தொகை மிக விரைந்து பெருகியது” என எழுதி மகிழ்வான். உண்மை அதற்கு நேர்மாறானது. 1953 முதல் 1963 வரையுள்ள பத்தாண்டுகளில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 2.5 இலட்சம் மக்கள் கூடினர். 1981 முதல் 2012 வரையுள்ள 31 ஆண்டுகளிலோ ஆண்டொன்றுக்கு 1.8 இலட்சமே. ஐந்து இடைவெளிகளுள்ளும் மிக மெதுவான வளர்ச்சி இதுவே. உயர்ந்த படி நீண்ட காலத்தின் விளைவேயன்றி விரைவின் விளைவன்று.

அவ்விடைவெளியில் 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடும் நடைபெற்றது. ஆயின் போரின் காரணமாக வடக்கிலும் கிழக்கிலும் அது முற்றுப்பெறவில்லை. அதனாலன்றோ நாடு முழுவதற்குமான வரிசையில் அவ்வாண்டுக்குச் சலாகை இல்லை. இல்லாத சலாகையும் கூர்ந்து நோக்குவார்க்கு ஒன்றைக் கூறும். எனினும் போர், புலப்பெயர்வு, பிறப்பு வீதத்தின் தாழ்வு என வாசகர் அறிந்த காரணங்களை வரைபின்மேல் ஏற்றியுரைத்தல் இவ்வினாவுக்குரியதன்று. தான் அறிந்ததையும் வரைபு கூறுவதையும் வேறுபடுத்தி நிற்கும் இவ்வடக்கம் ஆராய்ச்சியாளனுக்கு வேண்டிய முதற்பண்பு. அதனைக் கற்பித்தலாற் பரீட்சை பாராட்டுக்குரியது.

ஆயினும் குறையொன்றுண்டு. எண்கள் எவ்வாறு திரட்டப்பட்டன, அளவு நேர்மையாக இடப்பட்டதா, விடுபட்டது யாது என்று வினவுமாறு பரீட்சை எவரையும் பணிப்பதில்லை. இது மொழிப்பரீட்சையேயன்றிப் புள்ளிவிபரப் பரீட்சையன்று என்பர் அதன் சார்பினர். அது தக்க விடையே. எனினும் பல்கலைக்கழகத்துட் புகும் மாணவனை எதிர்நோக்குவது, தரப்பட்டதை ஐயுறாது உரைக்கும் பணியன்று. ஐயுற்று ஆராயும் பணியே. பரீட்சை நிறுத்தும் இடத்தில் ஆசிரியரும் நின்றுவிடின், அவனுடைய கல்வி பாதிவழியில் நின்றதாகும்.

ஆகவே இவ்வினாவுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்வோர், சொற்பட்டியலை நீட்டுமுன் வரைபின் முன் அவர்களைச் சிறிது நேரம் மௌனமாக இருத்துதல் நன்று. அச்சுக்கள் எவற்றைக் குறிக்கின்றன? அலகு யாது? காலம் உண்டோ? இடைவெளிகள் சமமோ? இவற்றுக்கு விடை கண்டவனுக்கு எளிய சொற்களே போதும். காணாதவனுக்கு எத்துணைச் சொற்களும் போதா.