கணக்கில் அகப்படாத பேச்சு

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழி அட்டவணைகள் 2018இல் வெளிவந்தன. 10,000 பேருக்குக் குறையாமல் பேசும் 270 தாய்மொழிகளை அவை 121 மொழிகளாகத் தொகுத்துள்ளன. உழைப்பு பெரிது, எனினும் அளவுகோலில் இரு குறைகள் உள்ளன.

முதலாவது, 10,000 என்னும் எல்லை. நீலகிரியின் தோடர், கோத்தர் மொழிகள் இதனால் 'ஏனையவை' என்பதில் மறைகின்றன. வெப்பமானியில் கீழ்க்கோடு இல்லாததால் குளிர் இல்லையென்று ஆகிவிடுமா?

இரண்டாவது, தொகுக்கும் முறை. படகு மொழி பேசும் 1,33,550 பேரும் கன்னடத்தின் 4.37 கோடியில் அடக்கம். அவர்களுக்காவது உட்பிரிவில் ஒரு வரி உண்டு. திருப்பூர் வட்டார நெசவாளர்களான தேவாங்கரின் தமிழ் கலந்த வீட்டுக் கன்னடத்துக்கு அதுவும் இல்லை.

கலப்பே அழிவு என்பதும் தவறு. கடன் வாங்காத மொழி ஏது? யுனெஸ்கோ வல்லுநர் குழு 2003இல் வகுத்த 9 காரணிகளுள் முதலாவது, மொழி அடுத்த தலைமுறைக்குச் செல்கிறதா என்பதே. கணக்கெடுப்போர் தாய்மொழியைக் கேட்கின்றனர்; தெரிந்த வேறு இரு மொழிகளையும் கேட்கின்றனர். குழந்தையிடம் எம்மொழியில் பேசுகிறீர்கள் என்று கேட்பதில்லை. அடுத்த கணக்கெடுப்பில் அவ்வொரு வினாவைச் சேர்த்தால், மொழி மங்குவதை அது மறையுமுன்னரே அறியலாம்.