காரவாச்சியோவின் பேரோ: அன்பும் அருளும்

பரோக் கால ஓவியர் பலர் விரும்பி வரைந்த பழங்கதை ஒன்று உண்டு. சிறையில் உணவின்றி மாயுமாறு ஒறுக்கப்பட்ட சீமோன் என்னும் முதியவனுக்கு, அவன் மகள் பேரோ மறைவாகத் தன் முலைப்பால் ஊட்டி உயிர் காத்தாள் என்பது அது. கி. பி. முதல் நூற்றாண்டினரான உரோமானிய ஆசிரியர் வலேரியுஸ் மாக்சிமுஸ் இதனைப் பெற்றோர்பால் மக்கள் கொள்ளும் பற்றிற்குச் சான்றாக எடுத்தோதினார். உறவின்வழி நிகழ்ந்த இச்செயல் பொது அறத்தின் வடிவமாதல் எங்ஙனம்? இவ்வினாவிற்கு விடை காரவாச்சியோவின் 'கருணைச் செயல்கள் ஏழு' என்னும் ஓவியத்தில் உளது.

நேப்பிள்ஸ் நகரில் 1602இல் தோன்றிய பியோ மோன்தே அறச்சங்கத்தின் கோயிலுக்கென 1607இல் முடிக்கப்பெற்ற இவ்வோவியம், இன்றும் அக்கோயிலின் தலைமைப் பீடத்திலேயே விளங்குகின்றது. பசித்தோர்க்கு உணவளித்தல், சிறைப்பட்டோரைக் காணல் என்னும் இரு செயல்களையும் பேரோ ஒருத்தியே ஏற்று நிற்கின்றாள். ஏழனையும் ஒரு திரையில் அடக்க நேர்ந்த நெருக்கடியே இதன் காரணம் எனக் கருதலாம். ஆயின், அஃது அமைப்பை விளக்குமேயன்றிப் பொருளை விளக்காது.

ஏறத்தாழ 1612இல் ரூபன்ஸ் வரைந்த ஓவியத்தை இதனோடு ஒப்பு நோக்குக. அங்கே காட்சி சிறையினுள்ளே நிகழ்கின்றது. மகளின் பார்வை தந்தைமேலேயே படிகின்றது. இருவரையன்றி உலகம் இல்லை. காரவாச்சியோவோ அவளைத் தெருவில் நிறுத்தினார். தந்தையின் தலை சிறைக்கம்பிகளினூடே வெளிப்படுகின்றது. அவன் தாடியில் ஒரு துளிப் பால் தங்கியுள்ளது. அவள் முகமோ தந்தையினின்றும் திரும்பி, யாரோ வருவதை அஞ்சுவது போல் நோக்குகின்றது. அவள் பின்னே பிணம் ஒன்றன் பாதங்கள் தெரிகின்றன. அடக்கம் செய்யச் செல்லும் குருவின் தீவட்டி ஒளி வீசுகின்றது. ஒருவர் செயலை மற்றொருவர் கண்டிலர். ஆயினும் அனைவரும் ஒரே தெருவின் இருளில் நெருங்கி நிற்கின்றனர்.

தொடர்புடையார்மேற் செல்வதை அன்பு என்றும், தொடர்பு கருதாது எவ்வுயிர்மேலும் செல்வதை அருள் என்றும் தமிழ் மரபு வேறுபடுத்தும். பேரோவின் செயல் அன்பே. முன்பின் அறியாதார்க்கு உதவும் பிறரிடையே அவளை வைத்ததனால் ஓவியர் அதனை அருளின் வரிசையில் சேர்த்தார். அஞ்சி நிற்பவளும் அறம் செய்கின்றாள் என்பதை அத்திரும்பிய முகம் உணர்த்துகின்றது. கதையை ஓதியவர் காட்டியது கடமை. ஓவியர் காட்டியது அக்கடமைக்கு அவள் தரும் விலை. இவ்வோவியத்தின் தனிச்சிறப்பு இதுவே என்க.