ஒட்டுப்பலகையின் நாதம்: புளூகிராஸ் இசையில் பழைய டபுள் பாஸ்

கருவியின் பழமையையே அதன் நாதச் சிறப்புக்குச் சான்றாகக் கொள்ளும் வழக்கம் வயலின் குடும்பம் பற்றிய எழுத்துகளில் ஆழ வேரூன்றியுள்ளது. அந்த அளவுகோலை அமெரிக்கப் புளூகிராஸ் இசையின் டபுள் பாஸ் மீது அப்படியே பொருத்துவது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பில் மன்றோவின் குழு 1946, 1947 ஆம் ஆண்டுகளில் கொலம்பியா நிறுவனத்திற்காகச் செய்த ஒலிப்பதிவுகள் இவ்விசைவகையின் இலக்கணமாகவே மதிக்கப்படுகின்றன. அவற்றுள் ஏர்ல் ஸ்க்ரக்ஸின் மூவிரல் பாஞ்சோ வாசிப்பு விரிவாக ஆராயப்பட்டுள்ளது. செட்ரிக் ரெயின்வாட்டர் என்னும் மேடைப்பெயருடன் பாஸ் வாசித்த ஹோவர்ட் வாட்ஸோ பெரும்பாலும் பெயர்ப்பட்டியலோடு நின்றுவிடுகிறார். முரசு இல்லாத குழு அது. முதல், மூன்றாம் அடிகளைப் பாஸும் இரண்டாம், நான்காம் அடிகளை மாண்டலினின் வெட்டொலியும் தாங்குகின்றன. பாஸின் சுரம் நீண்டு ஒலித்தால் அடுத்து வரும் வெட்டொலி மழுங்கும். ஆகவே, பிற இசைமரபுகள் போற்றும் நெடிய கார்வை இங்குக் குறையாகிறது; சட்டென எழுந்து விரைவில் அடங்கும் ஒலியே நிறைவெனக் கொள்ளப்படுகிறது.

சிகாகோவின் கே நிறுவனம் 1930களின் பிற்பகுதி முதல் செய்த ஒட்டுப்பலகைப் பாஸ்கள் இவ்விடத்தில் கருதத்தக்கவை. பள்ளிகளுக்கும் எளிய இசைஞர்களுக்கும் விற்கப்பட்ட மலிவுக் கருவிகள் அவை. ஈரத்தையும் வெயிலையும் நெடும்பயணத்தையும் தாங்கின; காரின் கூரைமேல் கட்டிச் செல்லவும் ஏற்றன. செதுக்கிய பலகையின் செறிவான ஒலி அவற்றுக்கு இல்லை. ஆயினும் குடல்நரம்புத் தந்தி பூட்டியபோது அவை தந்த குறுகிய, திரண்ட ஒலி மேற்சொன்ன தேவைக்கு இயைந்தது. வறுமை அழகியலாயிற்று என்று இதனைச் சுருக்கிவிடலாகாது. வாசிப்பு முறையும் கருவியும் ஒன்றையொன்று வடித்துக்கொண்டன என்பதே பொருத்தம்.

தாழ்ந்த ஒலி என்னும் புகழ்ச்சியையும் ஐயுற வேண்டும். பாஸின் மிகத் தாழ்ந்த தந்தியின் அடிப்படை அதிர்வு ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ். கருவிக்கூட்டின் காற்று ஒத்ததிர்வு பொதுவாக அதற்கு மேலேயே அமைவதால், அவ்வடிப்படை வலுவிழந்தே வெளிப்படுகிறது. செவி அச்சுரத்தை மேற்சுரங்களைக் கொண்டே உய்த்துணர்கிறது. எனவே, ஆழத்தைத் தேடிக் கருவியை மாற்றுவோர் பெரும்பாலும் தவறான இடத்தில் தேடுகின்றனர். தந்தியின் வகை, குதிரையின் உயரம், மேற்பலகைக்கும் அடிப்பலகைக்கும் இடையே நிற்கும் சிறு மரத்தண்டின் பொருத்தம், மீட்டும் விரல் படும் இடம் ஆகியவையே முதலில் நோக்கத்தக்கவை.

இதற்கு மறுப்பாக டாம் கிரேயைச் சுட்டலாம். 1960களில் கன்ட்ரி ஜென்டில்மென் குழுவில் அவர் வாசித்த நடைபோடும் பாஸ் வரிகளுக்குச் சுருதித் தெளிவு இன்றியமையாதது. வெறும் அதிர்வொலி அங்குப் போதாது. இவ்விசைக்குள்ளேயே நல்லொலி ஒன்றன்று என்பதற்கு இது சான்று. ஆயின் மரத்தின் வயதுக்கு இதுவும் சான்றாகாது.

இன்று பழைய கருவிகளைச் செப்பனிடுவோர் இறுக்கம் மிகுந்த எஃகுத் தந்தி பூட்டி, தந்தியின் உயரத்தைத் தாழ்த்தி, மின்னொலிவாங்கி பொருத்துவது பெருவழக்கு. வாழும் இசைஞருக்கு அது தேவையாகலாம். ஆனால், கருவியை ஆவணமாகக் கொள்ளும் ஆய்வாளருக்கு அது அழிப்பு. செப்பனிடுமுன் பழைய தந்தியின் வகை, தந்திக்கும் விரற்பலகைக்கும் இடையிலான உயரம், உள்மரத்தண்டு நின்ற இடம் ஆகியவற்றையேனும் அளந்து குறித்துவைக்க வேண்டும். கழற்றிய குதிரையைக் கருவியுடனேயே பேண வேண்டும்.